ராபின்சன் குருசோ தீவின் செங்கல் நிறச் சிட்டு

செம்பருத்தியில் வந்து தொங்கும் தேன்சிட்டைப் படமெடுத்து, "எங்கள் வீட்டு ஹம்மிங்பேர்ட்" என்று எழுதுபவர்கள் இன்னும் குறையவில்லை. இரண்டும் உறவே இல்லாத பறவைகள். ஹம்மிங்பேர்ட் எனும் ரீங்காரச்சிட்டு அமெரிக்கக் கண்டங்களையும் அவற்றை ஒட்டிய தீவுகளையும் விட்டால் வேறெங்கும் கிடையாது. அவற்றில் ஓரினம் இன்று ஒரே ஒரு தீவில்தான் குஞ்சு பொரிக்கிறது.

சிலி நாட்டுக் கரையிலிருந்து சுமார் 670 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது ராபின்சன் குருசோ தீவு. அலெக்சாண்டர் செல்கிர்க் என்ற மாலுமி 1704 முதல் 1709 வரை தன்னந்தனியாகக் காலம் தள்ளிய இடம். இங்குள்ள சிட்டில் ஆண் செங்கல் நிறம். எடை ஏறத்தாழ 11 கிராம். பெண்ணுக்கு வெள்ளை வயிறு, நீலப்பச்சை முதுகு. எடை ஒரு பத்து ரூபாய் நாணயத்தைவிடக் குறைவு. 19ஆம் நூற்றாண்டில் இவற்றுக்குப் பெயர் வைத்தபோது ஆணையும் பெண்ணையும் வெவ்வேறு இனங்கள் என்றே பதிவு செய்துவிட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, பார்த்தால் அப்படித்தான் தோன்றும்.

இந்தச் சிட்டு அழிந்துவருகிறது. பூனை பறவையைப் பிடிக்கும், எலி கூட்டைக் குலைக்கும். இதெல்லாம் சொல்லாமலே புரியும். ஒரு முட்செடி எப்படிப் பறவையை அழிக்கும்?

உயிர்வேலிக்காக வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டது பிளாக்பெர்ரி. பழைய மரம் ஒன்று காட்டில் சாய்ந்தால் தரையில் வெயில் விழும். முன்பெல்லாம் அந்த வெயிலுக்காக நிழலில் காத்திருந்த, லூமா என்ற தீவின் சொந்த மரத்தின் கன்றுகள் மளமளவென்று மேலே எழும். இப்போது பிளாக்பெர்ரி முந்திக்கொள்கிறது. கூடவே மாக்கி என்ற இன்னொரு அயல்செடி. அதன் பழத்தைத் தின்னும் பறவைகளே விதையைக் காடெங்கும் போட்டுவிட்டுப் போகின்றன. புதரின் அடியில் லூமா தலைதூக்குவதில்லை. பெண் சிட்டு கூடு கட்ட அதிகம் நாடுவதோ அந்த லூமாவைத்தான். முட்டை இரண்டே இரண்டு. ஒவ்வொரு மரம் சாயும்போதும் கூட்டுக்கான இடம் ஒன்று குறைகிறது, தேனும் குறைகிறது.

அந்தரத்தில் நின்றபடி தேன் குடிக்கும் உடலுக்கு ஆகும் செலவு மிக அதிகம். ஒரு நாள் பட்டினிகூடத் தாங்காது. காட்டில் பூ இல்லையென்றால் சிட்டு ஊருக்குள் இறங்கிவிடும். ஊர் என்று இருப்பது சான் ஹுவான் பாவுதிஸ்தா ஒன்றுதான். தோட்டங்களில் பூ உண்டு. பூனையும் அங்கேதான் உண்டு.

ஆகவே காட்டு அதிகாரியால் மட்டும் இந்தப் பறவையைக் காப்பாற்ற முடியாது. வீட்டுக்காரர்கள் மனம் வைக்க வேண்டும். ஓய்கோனோஸ் என்ற அமைப்பு தீவு மக்களோடு சேர்ந்து வேலை செய்கிறது: பூனைகளுக்குக் கருத்தடை, பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம், கூடுள்ள மரங்களைச் சுற்றிப் புதர் நீக்கம். தன் முற்றத்தில் சண்டை போடும் செங்கல் நிறச் சிட்டு உலகில் வேறெங்கும் இல்லை என்று தெரிந்த பிள்ளை, வீட்டுப் பூனைக்குக் கருத்தடை செய்யச் சொல்லிப் பெற்றோரை நச்சரிக்கும். சுற்றறிக்கையால் அது நடக்காது என்பது என் எண்ணம்.

இதே இனத்தின் இன்னொரு கிளை இதே தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த செல்கிர்க் தீவிலும் வாழ்ந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அது போய்விட்டது. இங்கே வேலை இன்னும் நடக்கிறது. வெட்டிய பிளாக்பெர்ரி வேரிலிருந்து மறுபடி துளிர்த்துவிடும். அதே சரிவுக்குத் திரும்பத் திரும்ப ஏறிப்போய் வெட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.