கமுத்தீக்: இனுவிட் மக்களின் பனியிழுவை

கனடாவின் வடகோடியில், பாஃபின் தீவின் வடகரையில் உள்ள ஊர் பாண்ட் இன்லெட். அங்குள்ளவர்கள் சொல்லும் பெயர் மித்திமாத்தாலிக். 72 பாகை வட அகலாங்குக்கும் மேலே இருக்கும் அந்த ஊருக்கு வெளியிலிருந்து சாலை கிடையாது. ஆண்டு முழுவதும் விமானம், கோடையில் சரக்குக் கப்பல். மற்றபடி உறைந்து கிடக்கும் கடல்தான் பாதை. மே, ஜூன் மாதங்களில் அங்கே போகிறவர்களை அந்தப் பாதையில் ஏற்றிச் செல்லும் ஊர்தியின் பெயர் கமுத்தீக். இரண்டு நீண்ட அடிச்சட்டங்களின் மேல் குறுக்குச் சட்டங்களை வரிசையாக வைத்துக் கயிற்றால் கட்டியது, சக்கரம் இல்லை. முன்பு நாய்கள் இழுத்தன. இன்று பெரும்பாலும் பனிமேல் ஓடும் மோட்டார் வாகனமான ஸ்னோமொபைல் இழுக்கிறது.

சொல்லின் வேர் 'கமு'. இனுவிட் மொழியான இனுக்டிடுட்டில் அதற்கு 'இழு' என்று பொருள். அதோடு கருவியைக் குறிக்கும் விகுதி சேர்ந்து 'இழுக்க உதவுவது' என்றாகிறது. இறுதியில் வரும் 'ஈக்' இருமை விகுதி. தமிழில் ஒருமை, பன்மை என இரண்டே எண். இனுக்டிடுட்டில், சமஸ்கிருதத்தில் இருப்பதுபோல, இரண்டுக்கென்று தனி வடிவம் உண்டு. கமுத் என்றால் ஒரு சட்டம்; கமுத்தீக் என்றால் சட்டங்கள் இரண்டு, அதாவது முழு ஊர்தி. மக்களைக் குறிக்கும் சொல்லும் இப்படியே நடக்கிறது: இனுக் ஒருவர், இனூக் இருவர், இனுவிட் பலர். ஆகவே 'இனுவிட்கள்' என்று எழுதுவது பன்மைமேல் பன்மை. இனுவிட் மக்கள் என்றால் போதும். 'எஸ்கிமோ' வெளியார் இட்ட பெயர்; கனடாவின் இனுவிட் மக்கள் அதை விரும்புவதில்லை என்பதால் தவிர்ப்பதே முறை.

ஆங்கில அகராதிகளில் 'கொமாட்டிக்' என்று ஒரு சொல் இருக்கும். கிழக்குக் கனடாவின் லாப்ரடார் கரையோர வழக்கிலிருந்து போனது, இதே சொல்தான். கிரீன்லாந்து மொழியில் இருமை வழக்கொழிந்துவிட்டதால் அங்கே பன்மையில் 'கமுதித்' என்கிறார்கள். ஆனால் கிரீன்லாந்து ஊர்தியின் பின்புறம் பிடித்துக்கொள்ள இரு நிமிர்ந்த கைப்பிடிகள் உண்டு. கிழக்குக் கனடாவின் கமுத்தீக்கில் அவை இல்லை. கட்டுரைக்குப் படம் தேர்ந்தெடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி உறுப்புகள். சாதாரணமாக 4 முதல் 6 மீட்டர் நீளம், ஒரு மீட்டருக்கு உட்பட்ட அகலம். அடிச்சட்டத்தின் முன்முனை மேல்நோக்கி வளைந்திருக்கும். குறுக்குச் சட்டத்தின் பெயர் நாபு. ஒவ்வொரு நாபுவின் இரு நுனியிலும் காடி வெட்டி, அடிச்சட்டத்தில் துளையிட்டு, துளைக்குள்ளும் காடியைச் சுற்றியும் கயிற்றைப் பலமுறை ஓட்டி இறுக்குவார்கள். ஆணி இல்லை, திருகாணியும் இல்லை. கடற்பனி வழவழப்பான தரையன்று. பனிப்பாளங்கள் ஒன்றோடொன்று மோதி எழுந்த முகடுகள் வழியெங்கும் உண்டு. ஊர்தி அவற்றில் ஏறி இறங்கும்போது ஒரு சட்டம் மேலேயும் மற்றது கீழேயும் போகும். ஆணியடித்த இணைப்பாக இருந்தால் ஆணி பிடுங்கிக்கொள்ளும், அல்லது கடுங்குளிரில் விறைத்த மரம் பிளக்கும். கயிற்றுக்கட்டு முறுக்கத்துக்கு இடங்கொடுத்துப் பழைய நிலைக்கு வந்துவிடும். அலையடிக்கும் கரையில் கட்டுமரம் தாக்குப்பிடிப்பதும் இதே நெகிழ்வால்தான்.

அந்தக் காலத்துக் கயிறு தாடிச் சீல் என்னும் கடல்விலங்கின் தோல். உரித்த தோலை நீளவாக்கில் கிழிக்காமல் குழாய்போல எடுத்து, சுருள் சுருளாகச் சுற்றி அறுத்து, முடிச்சே இல்லாத ஒரே நெடுங்கயிறாக்குவார்கள். அதன் குறைகள் இரண்டு: ஈரம் பட்டால் தொய்யும், பசித்த நாய் தின்றுவிடும். இன்று நைலான் கயிறு. மரமே கிடைக்காத பகுதியில் நெட்சிலிக் இனுவிட் மக்கள் செய்த கமுத்தீக் இன்னும் வியப்பானது. நனைத்த தோலுக்குள் மீன்களை வரிசையாக அடுக்கிச் சுருட்டி உறைய வைத்தால் அதுவே அடிச்சட்டம். மான்கொம்புகள் குறுக்குச் சட்டம். வசந்தத்தில் உருகியதும் மீன் உணவாகிவிடும்.

அடிச்சட்டத்தின் கீழ்ப்புறப் பூச்சுதான் ஓட்டத்தைத் தீர்மானிப்பது. பாசி மட்கிய மண்ணை வெந்நீரில் குழைத்துக் கையால் அப்பி உறையவிடுவார்கள். பின் இழைத்துச் சமப்படுத்தி, வாயில் வைத்த நீரை அதன்மேல் உமிழ்ந்து, கரடித்தோல் துண்டால் உடனே நீவுவார்கள். கண்ணாடிபோல ஒரு பனிப்படலம் உண்டாகும். கடுங்குளிரில் இதற்கு ஈடு இல்லை. ஆனால் கல்லில் இடித்தால் பெயர்ந்துவிடும், வசந்த வெயிலில் உருகிவிடும். வெயில் படும் பக்கத்தைத் தோலால் மூடிக் காக்க வேண்டியிருக்கும். பின்னாளில் வந்த இரும்புப் பட்டை ஈரப்பனிக்கு நல்லது. கடுங்குளிரில் பனியோடு உரசி இழுக்கும். உராய்வில் பிறக்கும் சிறு வெப்பத்தை இரும்பு கடத்திவிடுவதால், வழுக்குவதற்கு வேண்டிய நீர்ப்படலம் உருவாவதில்லை. இப்போது அடிக்கும் தடித்த பிளாஸ்டிக் பட்டை இரண்டு பருவத்துக்கும் உதவுகிறது.

வசந்தத்தை அங்கே ஒரே பருவமாகக் கொள்வதில்லை. உபிர்ங்ஙாக்சாக் முன்வசந்தம், உபிர்ங்ஙாக் பனி உருகும் பின்வசந்தம். பயணிகள் போவது பெரும்பாலும் இந்த இரண்டாவதில், சினாக் எனப்படும் பனிவிளிம்புக்கு. கரையோடு ஒட்டிய பனி முடிந்து திறந்த கடல் தொடங்கும் இடம் அது. நார்வால் திமிங்கிலங்களை அங்கே காணலாம். அப்போது சூரியன் மறைவதே இல்லை. ஆனாலும் இரவில் சூரியன் தாழ்ந்திருப்பதால் மேற்பனி இறுகும். பயணத்துக்கு அந்நேரமே தோது. பகலில் பனி இளகி ஊர்தி அமிழும். ஜூனில் பனிமேல் உருகுநீர் குளம்போல் தேங்கும். உணவும் படுக்கையும் நீர்புகாப் பைகளில், மேலடுக்கில் இருக்க வேண்டும். கனமானவை கீழே, நடுவிலிருந்து சற்றுப் பின்னால். முன்பாரம் கூடினால் மூக்கு பனிக்குள் குத்திக்கொள்ளும்.

உருகும் பருவத்தில் பனியில் நீண்ட வெடிப்புகள் தோன்றும். கமுத்தீக்கின் நீளம் பயன்படுவது இங்கேதான்: முன்பகுதி எதிர்க்கரையைத் தொட்ட பிறகே பின்பகுதி இந்தக் கரையை விடும். ஸ்னோமொபைலோடு நீண்ட கயிற்றால் இணைப்பதும் இதற்கு உதவும்; இரண்டும் ஒரே நேரத்தில் வெடிப்பின்மேல் இருக்காது. கயிற்றிணைப்பின் ஆபத்து, ஸ்னோமொபைல் சட்டென்று நின்றால் பின்னால் வரும் கமுத்தீக் நிற்காமல் வந்து மோதுவது. அதனால் ஓட்டுபவர் வேகம் குறைக்கும்போதே பக்கவாட்டில் ஒதுங்குவார். பயணிகள் ஒட்டுப்பலகைப் பெட்டிக்குள் உட்காருவார்கள். ஓடும்போது கை, காலை வெளியே நீட்டவே கூடாது. நிற்கும் இடந்தோறும் கட்டுகளைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒரு கட்டு தளர்ந்தால் அதன் சுமை பக்கத்துக் கட்டுகளுக்குப் போகும்.

தமிழில் என்ன எழுதுவது? 'பனிச்சறுக்கு வண்டி' என்பது பரவலான வழக்கு. அதில் மூன்று இடர். பனிச்சறுக்கு என்றதும் விளையாட்டே நினைவுக்கு வருகிறது. சறுக்குதல் சரிவில் தானே இறங்குவது, இதுவோ சமதளத்தில் இழுபடுவது. வண்டி என்றால் சக்கரம் மனத்தில் தோன்றுகிறது. 'நாய்வண்டி' இன்றைய நிலைக்குப் பொருந்தாது. மூலச்சொல்லின் வேரே இழுத்தல் என்பதால் 'பனியிழுவை' என்பதே நேரான தமிழ். முதலில் வரும் இடத்தில் 'கமுத்தீக் என்னும் பனியிழுவை' என்று எழுதிவிட்டுப் பிறகு இரண்டில் எதையும் ஆளலாம். மற்ற நாட்டு ஸ்லெட்ஜ்களுக்கும் பனியிழுவை பொருந்தும். கயிற்றால் கட்டிய இந்த வகையை மட்டும் சுட்ட வேண்டுமானால் கமுத்தீக் என்றே எழுத வேண்டும்.

எழுத்துக்கூட்டலில் 'கமுடிக்', 'கமுதிக்' இரண்டும் சரிவராது. தனியாக நடுவில் வரும் டகரமும் தகரமும் தமிழில் மெலிந்து ஒலிக்கும். மூலத்தில் அது வல்லொலி. ஆகவே இரட்டிக்க வேண்டும். ரொறன்ரோவின் ஈழத்தமிழர் 'கமுற்றீக்' என்று எழுதினால் அவர்கள் உச்சரிப்பில் அது மூலத்துக்கு இன்னும் நெருங்கும். தமிழக வாசகர் 'ற்ற' என்பதை வேறுவிதமாக ஒலிப்பதால் பொதுவுக்குக் கமுத்தீக் ஏற்றது. முதல் ககரம் நம் ககரத்தைவிட ஆழத்தில், உள்நாக்கருகே பிறப்பது; அதைக் காட்டத் தமிழில் எழுத்தில்லை, தேவையும் இல்லை.

இழுத்துச் செல்லும் ஸ்னோமொபைலைப் 'பனியூர்தி' எனலாம். பனியிழுவை இழுக்கப்படுவது, பனியூர்தி இழுப்பது. ஒரே கட்டுரையில் இரண்டும் வந்தால் இந்த வேறுபாட்டைக் கடைசிவரை காக்க வேண்டும்.