நைட்ரஜனை எழுப்பாத நெருப்பு

தொழிற்சாலைப் பாய்லரின் பார்வைத் துளை வழியே நீலச் சுடரைப் பார்த்தால் 'நல்லா எரியுது' என்போம். புகை இல்லை, கரி இல்லை, அதுவரை சரி. ஆனால் புகைபோக்கிக்குள் வாயுக்களை அளக்கும் அனலைசரின் குழாயை நுழைத்தால், சாதாரண பர்னரில் நைட்ரஜன் ஆக்சைடு 80, 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் அத்தனை பங்கு) என்று காட்டும். எரித்ததோ மீத்தேன். அதில் நைட்ரஜனே கிடையாது. அப்புறம் இது எங்கிருந்து வந்தது?

காற்றிலிருந்துதான். காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். அதன் இரண்டு அணுக்களும் மூன்று பிணைப்புகளால் இறுகிக் கிடப்பதால் எளிதில் எதோடும் சேராது. சூடு 1500 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கதை மாறுகிறது. தீயில் உதிரியாகத் திரியும் ஆக்சிஜன் அணுக்கள் அந்தப் பிணைப்பை உடைக்கத் தொடங்குகின்றன. இந்த வினையை 1940களில் விளக்கியவர் சோவியத் இயற்பியலாளர் யாகோவ் செல்டோவிச். 1900 டிகிரியை ஒட்டிய சூட்டில் இன்னும் 50 டிகிரி ஏறினாலே நைட்ரஜன் ஆக்சைடு உருவாகும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். அதனால் சுடரின் சராசரிச் சூட்டைவிட, அதற்குள் ஒளிந்திருக்கும் மிகச் சூடான திட்டுகள்தான் பர்னர் வடிவமைப்பவரின் கவலை.

இந்த வாயு ஏன் இவ்வளவு முக்கியம்? லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை மூடிய புகைமூட்டம், நைட்ரஜன் ஆக்சைடும் ஹைட்ரோகார்பன்களும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனாவதால் வருகிறது என்று 1950களின் தொடக்கத்தில் வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மிட் காட்டினார். மக்கள் கண் எரிந்து, மூச்சு திணறித் தவித்த ஊர் அது. இன்று அந்த வட்டாரத்தில் பல தொழிற்சாலைப் பாய்லர்களுக்கு உச்சவரம்பு 9 பிபிஎம்.

100-ஐ 9 ஆக்குவது எப்படி? ஒரு வழி, எரிவாயுவை ஒரே இடத்தில் கொட்டாமல் பிரித்துக் கொடுப்பது. முதலில் கொஞ்சம் வாயு, நிறையக் காற்றோடு மிதமான சூட்டில் எரியும். மீதி வாயு சற்றுத் தள்ளியுள்ள முனைகளிலிருந்து பீய்ச்சி, ஏற்கெனவே எரிந்து முடிந்த புகையோடு (கண்ணுக்குத் தெரியாத கழிவு வாயு) கலந்து நிதானமாக எரியும். இன்னொரு வழி, புகைபோக்கிக்குப் போகும் புகையில் ஒரு பங்கை விசிறியால் இழுத்து எரிகாற்றோடு கலப்பது. அந்தப் புகை எரியாது. சூட்டை மட்டும் உறிஞ்சிக்கொள்ளும், ஆக்சிஜனையும் நீர்க்கச் செய்யும். அளவு மிஞ்சினால் சுடர் பர்னரை விட்டு எழும்பும், பாய்லர் முழுக்க உறுமும். அதே நேரம் அனலைசரில் கார்பன் மோனாக்சைடு எண் சரசரவென்று ஏறும். சூட்டைக் குறைக்கக் குறைக்க எரிதல் அரைகுறையாகும் என்பதால், இரண்டு நஞ்சுகளுக்கும் நடுவே உள்ள குறுகிய சந்தில்தான் பர்னரை நிறுத்த வேண்டும். கூடுதல் காற்றை ஊதியும் சூட்டைத் தணிக்கலாம். ஆனால் அந்தக் காற்றையும் சூடேற்றிப் புகைபோக்கி வழியே வெளியே அனுப்புகிறோம், எரிவாயு வீணாகிறது.

என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையின் மிக அழகான கண்டுபிடிப்பு 1989-இல் ஜெர்மனியில் நிகழ்ந்தது. யோவாகிம் வூனிங் ஒரு பர்னரைச் சோதித்துக்கொண்டிருந்தார். உலை 1000 டிகிரி, உள்ளே வரும் காற்று சுமார் 650 டிகிரி. திடீரென்று சுடரைக் காணவில்லை. சுடரைக் கண்காணிக்கும் புற ஊதா உணரியும் எதையும் உணரவில்லை. ஆனால் வாயு முழுதாக எரிந்துகொண்டிருந்தது! கார்பன் மோனாக்சைடு 1 பிபிஎம்முக்கும் கீழே, நைட்ரஜன் ஆக்சைடு கிட்டத்தட்டப் பூஜ்யம். வேகமாகப் பாய்ந்த காற்றுத் தாரை உலைக்குள் இருந்த புகையைத் தன்னோடு இழுத்துக்கொண்ட பிறகே வாயுவைச் சந்தித்ததால், எரிதல் ஒரே இடத்தில் குவியாமல் உலை முழுக்கப் பரவியிருந்தது. சூடான திட்டு என்று ஒன்றே இல்லை.

இதைச் சாதாரணப் பாய்லரில் அப்படியே பொருத்த முடியாது. தண்ணீர் ஓடும் சுவர்கள் குளிர்ச்சியாக இருப்பதால் சுடரில்லாத எரிதல் அணைந்துவிடும். எஃகைப் பதப்படுத்தும் உலைகளில் இது நன்றாக நடக்கிறது. அங்கேயும் முதலில் வழக்கமான சுடரை ஏற்றி, உலை 850 டிகிரியைத் தொட்ட பிறகே சுடரில்லா முறைக்கு மாறுகிறார்கள். அந்தச் சூட்டில் வாயுவும் காற்றும் சந்தித்தாலே தானாகப் பற்றிக்கொள்ளும், சுடர் தேவைப்படாது.