சோலரைஸ் செய்த படத்தில் அந்தக் கோடு எப்படி வருகிறது?

போட்டோஷாப்பில் சோலரைஸ் ஃபில்டரைப் போட்டால் படம் ஏன் இவ்வளவு இருண்டு போகிறது, புகைப்படக் கலைஞர் மேன் ரேயின் படங்களில் முகத்தைச் சுற்றி மெலிதாக ஓடும் கறுப்புக் கோடு நமக்கு ஏன் வருவதில்லை என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். முதல் கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன், எனக்கு ஆசை இரண்டாவதில்தான்.

8 பிட் படத்தில் ஒவ்வொரு பிக்சலுக்கும் 0 (கறுப்பு) முதல் 255 (வெள்ளை) வரை ஒரு எண் உண்டு, தெரிந்த விஷயம். சோலரைஸ் ஃபில்டர் 127 வரையுள்ள எண்களை அப்படியே விட்டுவிட்டு, அதற்கு மேல் போனவற்றை 255இலிருந்து கழிக்கிறது. 200 இருந்த இடம் 55 ஆகும், சுத்த வெள்ளை சுத்தக் கறுப்பாகும். ஆக எந்தப் பிக்சலும் 127ஐத் தாண்ட வழியில்லை, இருட்டுக்குக் காரணம் அவ்வளவுதான். வெளிச்ச அளவைச் சரிசெய்யும் லெவல்ஸில் வெள்ளை முனையை 127க்கு இழுத்தால் வெளிச்சம் திரும்பிவிடும். ஆனால் பாதிப் படிகளை முழு நீளத்துக்கு இழுப்பதால் வானம் போன்ற இடங்கள் பட்டை பட்டையாகத் தெரியலாம், எனவே கேமரா பதிந்தபடியே இருக்கும் ரா கோப்பிலிருந்து, படிகள் இன்னும் நுணுக்கமாக உள்ள 16 பிட்டில் தொடங்குவது நல்லது.

சரி, கோட்டுக்கு வருவோம். டெவலப் ஆகிக்கொண்டிருக்கும் புகைப்படத் தகட்டின் மீது பாதியில் வெளிச்சம் பட்டால் டோன்கள் (வெளிச்சம், இருட்டு அளவுகள்) தலைகீழாகும் என்பதை 1860களிலேயே பிரான்ஸில் சபாட்டியே என்பவர் விவரித்துவிட்டார். 1929 வாக்கில் பாரிஸில் மேன் ரேயும் அவருடைய உதவியாளர் லீ மில்லரும் அதைக் கலையாக்கினார்கள். இருட்டறையில் காலில் ஏதோ ஏறி ஓட, பயந்து விளக்கைப் போட்டதில்தான் அது தொடங்கியது என்று மில்லர் பின்னாளில் சொன்னார். கோடு விழுவது இப்படித்தான்: ஏற்கெனவே டெவலப் ஆன பகுதியிலிருந்து புரோமைடு அயனிகள் வெளியே கசிந்து, எல்லையை ஒட்டிய இடத்தில் டெவலப் ஆவதைத் தடுக்கின்றன. நெகட்டிவில் அங்கே ஒரு வெளிறிய கோடு விழும், பிரிண்டில் அதுவே கறுப்பாகும். மேக்கி கோடு என்பார்கள்.

கம்ப்யூட்டரில் புரோமைடு கிடையாது. கழித்தல் கணக்கு ஒவ்வொரு பிக்சலையும் தனியாகத்தான் பார்க்கிறது, பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதே அதற்குத் தெரியாது. அப்படியும் கோடு வருகிறது! கருங்கூந்தல் 40, பின்னாலுள்ள சுவர் 215 என்று வையுங்கள். சோலரைஸ் செய்தால் இரண்டுமே 40 ஆகிவிடும், கூந்தலும் சுவரும் ஒரே இருட்டு. ஆனால் எந்த லென்ஸும் விளிம்பை ஒரே பிக்சலில் வெட்டி முடிப்பதில்லை. 40, 85, 128, 170, 215 என்று சில பிக்சல்களில் ஏறித்தான் போகும். அந்த வரிசையைச் சோலரைஸ் செய்து பாருங்கள்: 40, 85, 127, 85, 40. நடுவில் ஒரு மேடு எழுந்துவிட்டது, அதுதான் கோடு. வரைபடத்தில் சம உயரக்கோடு போடுவது போல, படத்தில் 128 என்ற மதிப்பு எங்கெல்லாம் கடந்து போகிறதோ அங்கெல்லாம் ஒரு கோடு விழுகிறது. இவ்வளவு எளிய கணக்கிலிருந்து இப்படி ஒரு ஓவியக்கோடு பிறப்பது எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

ஃபில்டர் தருவது வெள்ளைக் கோடு, வாசகர் தேடுவது கறுப்புக் கோடு. கறுப்புக் கோட்டுக்கு, ஃபில்டர் போடாத மூலப் படத்தின் மேலே ஒரு லேயர் (அடுக்கு) சேர்த்து, 50 சதவீதச் சாம்பலால் (128) நிரப்பி, இரண்டு அடுக்குகளின் வித்தியாசத்தைக் காட்டும் டிஃபரன்ஸ் முறையில் வையுங்கள். இலவசமாகக் கிடைக்கும் கிம்ப்பிலும் இது உண்டு. இப்போது ஒவ்வொரு பிக்சலும் 128இலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பது மட்டும் மிஞ்சும்: 88, 43, 0, 42, 87. நடுவில் பூஜ்யம், அதாவது கறுப்பு. பதினொன்றாம் வகுப்புக் கணக்கில் வரும் மட்டு மதிப்பின் V வடிவ வரைபடம்தான் இது. அதைக் கரும்பலகையில் வரைந்து மனப்பாடம் செய்ய வைப்பதற்குப் பதில், மாணவரின் சொந்த முகத்தின் மீது போட்டுக் காட்டலாம், பள்ளியில் கம்ப்யூட்டர் இருக்கிறதே! கணக்கு ஆசிரியர்களுக்குக் கம்ப்யூட்டர் அறையின் சாவியைக் கொடுக்க வேண்டும் என்று உண்மையாகவே நினைக்கிறேன்.

சாம்பலின் அளவைக் கூட்டிக் குறைத்தால் கோடு நகரும். விளிம்பு கூர்மையாக இருந்தால் கோடு மெலிதாகும். கன்னம் போல மெல்ல மாறும் இடத்தில் அகலமாகப் பரவிக் கறை மாதிரி ஆகிவிடும். அதனால் வெற்றுப் பின்னணியும் பக்கவாட்டு வெளிச்சமும் உள்ள படங்களே இதற்கு ஏற்றவை. படத்தில் நாய்ஸ் (தாறுமாறான புள்ளிகள்) இருந்தால் 128 பக்கம் புள்ளி புள்ளியாகப் பொரிந்து நிற்கும், முதலில் லேசாக பிளர் செய்துகொள்ளுங்கள்.

அப்புறம் நிறம். சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சானலும் தனித்தனியாகக் கவிழ்வதால், சிவப்பு 220, பச்சை 170, நீலம் 140 இருக்கும் தோலில் ஃபில்டரைப் போட்டால் 35, 85, 115 ஆகி, ஆள் நீலமாகிவிடுவார். அது வேண்டாமென்றால் முதலிலேயே கறுப்பு வெள்ளையாக்குங்கள். இல்லாவிட்டால் படத்தை இன்னொரு லேயராக நகலெடுத்து, அதில் ஃபில்டரைப் போட்டு, லூமினாசிட்டி முறையில் வையுங்கள்; தோலின் நிறம் பெரும்பாலும் அப்படியே நிற்கும், வெளிச்சம் மட்டும் கவிழும்.