ஓகேயூ: சொல்லும் சட்டமும்

பினாங்கில் தமிழ் பேசுகிறவர்கள் நாள்தோறும் சொல்லும் சொற்களில், மாற்றுத்திறனாளியைக் குறிக்கும் ஓகேயூவும் ஒன்று. "ஓகேயூ கார்டு எடுத்தாச்சா?", "அது ஓகேயூ பார்க்கிங், அங்க போடாதீங்க", "ஓகேயூ டாய்லெட் எந்தப் பக்கம்ண்ணே?" இப்படித்தான் பேச்சு ஓடும். சமூக நல இலாகாவில் பதிந்துகொண்டவருக்குக் கிடைக்கும் அட்டைக்கும் பெயர் ஓகேயூ கார்டுதான். பார்வை, செவி, பேச்சு, உடல், கற்றல், மனநலம், இவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்ந்தது என்று அந்தப் பதிவில் ஏழு வகை உண்டு.

'ஓராங் கூராங் உபாயா' என்ற மலாய்த் தொடரின் முதலெழுத்துகளே ஓகேயூ. ஓராங் என்றால் ஆள், கூராங் என்றால் குறைவு. உபாயா? அது நமக்குத் தெரிந்த உபாயம்தான். வடமொழியிலிருந்து தமிழுக்கும் வந்தது, மலாய்க்கும் போனது. சாம, தான, பேத, தண்டம் என்ற நான்கும் உபாயங்கள். வைணவத்தில் அடைய வேண்டியது உபேயம், அடைவிக்கும் வழி உபாயம். தமிழில் தந்திரம், வழி என்ற பொருளில் நின்றுவிட்ட சொல், மலாயில் ஆற்றல், இயலுமை என்ற பக்கம் நகர்ந்தது.

வடமொழியில் இதன் வேர்ப்பொருள் இன்னும் அழகு. 'உப' என்றால் அருகில். அதோடு செல்லுதலைக் குறிக்கும் 'இ' என்ற வினைவேர் சேர்கிறது. ஆக, உபாயம் என்பதன் முதற்பொருள் கிட்டச் செல்லுதல், அணுகுதல். ஒன்றை அடைய உதவும் வழி என்ற பொருள் அதிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் ஆக்செஸ் என்கிறார்களே, அதன் இலத்தீன் வேருக்கும் ஏறக்குறைய இதே பொருள்தான். அப்படிப் பார்த்தால் ஓகேயூ என்பவர் அணுகும் வழி குறைந்தவர். அவருக்குத் திறமை குறைவு என்று அந்தத் தொடரின் வேர் சொல்லவே இல்லை.

மலேசியச் சட்டமும் இதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. 2008-ஆம் ஆண்டின் ஓகேயூ சட்டம், அதாவது சட்டம் 685, நீண்டகாலக் குறைபாடு உள்ளவர் என்று சொல்லி நிறுத்திக்கொள்வதில்லை. அந்தக் குறைபாடு பலவகைத் தடைகளோடு மோதும்போது சமூகத்தில் முழுமையாகப் பங்கேற்க முடியாமல் போகக்கூடியவர் என்று வரையறுக்கிறது. சக்கர நாற்காலியில் இருப்பவரை வாசலிலேயே நிறுத்துவது அவருடைய கால் மட்டுமல்ல, அங்கே கட்டிவைத்த படியும்தான். அந்தச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு பொது வசதிகளையும் கட்டடங்களையும் மற்றவர்களுக்கு ஈடாக அணுகும் உரிமையைத் தருகிறது. 27-ஆம் பிரிவு பொதுப் போக்குவரத்துக்கு. ஆனால், 2008-இல் நடப்புக்கு வந்தபோது அதில் தண்டனைப் பிரிவே இல்லை. உரிமையை எழுதிவைத்து, மீறினால் என்ன என்பதை எழுதாமல் விட்டது பெரிய குறை என்பதே என் எண்ணம்.

அதனால்தான் கட்டடத் துணைவிதி முக்கியமாகிறது. பைலா என்று சங்கக் கூட்டங்களில் சொல்கிறோமே, அதே சொல்தான். மலாயில் 'உண்டாங்-உண்டாங் கெச்சில்' என்பார்கள், சிறிய சட்டம் என்று பொருள். பெயரைக் கேட்டால் அற்பமானது போலத் தோன்றும். ஆங்கிலத்தில் 'பை' என்ற முன்பகுதி பழைய ஸ்காண்டிநேவிய மொழியில் ஊரைக் குறித்த சொல். அதாவது ஊர்விதி. நமக்கும் இது புதிதல்ல. பராந்தக சோழன் காலத்தில் உத்திரமேரூர்ச் சபையார் தங்கள் ஊருக்கு வகுத்துக்கொண்ட விதிகளை 'வியவஸ்தை' என்றே கல்லில் வெட்டினார்கள். இன்றைய சட்டத் தமிழில் துணைவிதி நன்றாகவே நிலைபெற்றுவிட்டது, அதுவே போதும்.

1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்கீழ் 1984-இல் வந்தது சீரான கட்டடத் துணைவிதிகள். அதில் பின்னால் சேர்ந்ததுதான் 34ஏ. ஓகேயூ ஒருவர் கட்டடத்துக்குள் வரவும், வெளியேறவும், உள்ளே நடமாடவும் வசதி இருக்க வேண்டும் என்கிறது அது. எப்படிக் கட்ட வேண்டும் என்பதற்கு எம்எஸ் 1184 என்ற மலேசியத் தரநிலையைக் காட்டுகிறது. முன்பே எழுந்து நின்ற கட்டடங்களும் மூன்றாண்டுக்குள் மாற்றிக்கொள்ள வேண்டும் என்றும் அதில் உண்டு. துணைவிதியில் செய்யும் திருத்தம் ஒவ்வொரு மாநில அரசிதழிலும் வெளியானால்தான் அங்கே செல்லும். ஆகவே கட்டட வரைபடம் போடும் வரைவாளரிடம் பேசும்போது பினாங்கில் நடப்பில் உள்ள வாசகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

சரி, வாசலுக்கு வருவோம். பினாங்கின் ஜார்ஜ்டவுனில், லெபோ பாசார் தெருவில் அஞ்சடி வழியே, அதாவது கடைகளின் முன்னால் ஓடும் கூரையிட்ட நடைபாதை வழியே, நடந்தால் ஒரு கடை முகப்பு உயரம், அடுத்தது தாழ்வு, நடுவில் ஒரு படி. மூட்டை தூக்குகிறவர் காலைத் தூக்கி வைத்துவிட்டுப் போய்விடுவார். சக்கர நாற்காலி அங்கே நின்று, திரும்பி, வண்டிகள் ஓடும் சாலையில் இறங்க வேண்டும். சரிவுப்பாதைக்குப் பொதுவாகச் சொல்லும் அளவு ஒன்றுக்குப் பன்னிரண்டு. 15 சென்டிமீட்டர் படிக்கு 180 சென்டிமீட்டர் நீளச் சரிவு வேண்டும். அஞ்சடி என்ற பெயரே ஐந்தடி அகலத்தால் வந்தது. ஐந்தடி என்பது ஏறத்தாழ 152 சென்டிமீட்டர். குறுக்கே வைத்தால் இடம் போதாது, நெடுக்கே வைத்தால் பக்கத்துக் கடைக்காரரும் சேர்ந்து வர வேண்டும். அரை மீட்டர் நீளத்தில் சிமெண்டைச் செங்குத்தாகப் பூசிவிட்டு "ஓகேயூவுக்குப் போட்டாச்சு" என்று சொல்லும் இடங்களும் உண்டு. அதில் ஏற முயன்றால் நாற்காலி பின்னால் சாயும், இறங்கினால் ஆளைத் தள்ளும். அது இருப்பதைவிட இல்லாமலிருப்பது மேல்.

பாரம்பரியப் பகுதி, எதையும் மாற்ற முடியாது என்று சிலர் கைவிரிப்பார்கள். ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்ததும் 2008 ஜூலை 7, சட்டம் 685 நடப்புக்கு வந்ததும் அதே நாள். இரண்டையும் சேர்த்தே காப்பாற்றலாம். முகப்பை மாற்ற மாநகர் மன்ற அனுமதி கேட்க வேண்டும், உண்மை. ஆனால், வேண்டும்போது எடுத்துப் போடும் சரிவுப் பலகைக்குச் சுவரை இடிக்கத் தேவையில்லை.

இனி தமிழில் என்ன சொல்வது? ஆளைக் குறிக்க ஊனமுற்றோர் என்பது வழக்கொழிந்து, மாற்றுத்திறனாளி நிலைத்துவிட்டது. கலைஞர் மு. கருணாநிதி தமிழ்நாட்டு அரசு வழக்கில் கொண்டுவந்த சொல், இங்கேயும் செய்தித்தாள்களில் அதுதான். மலாயிலும் 'கூராங்' என்பதை 'கெலாயினான்', அதாவது வேறுபட்ட, என்று மாற்றிச் சொல்வோர் உண்டு. மரியாதையான சொல், தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால், அது ஆளின் திறனைப் பற்றிப் பேசுகிறது, படியைப் பற்றிப் பேசவில்லை. படியைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் வேறு சொல் வேண்டும்.

'மெஸ்ரா ஓகேயூ' என்பதை 'மாற்றுத்திறனாளிகளுக்கு நட்பான' என்று எழுதுகிறார்கள். கட்டடம் எப்படி நட்புக் கொள்ளும்? அண்மை, அண்டை ஆகியவற்றோடு உறவுள்ள 'அணுகல்' நல்ல சொல்தான், அணுகல் வசதி என்று எழுதலாம். இருந்தாலும் அது வாசல்வரைதான் கொண்டுபோகும். உள்ளே போய், கழிவறைக் கதவைத் திறந்து, நாற்காலியைத் திருப்பி, கைகழுவி வெளியே வருவது வரைக்கும் சேர்த்துச் சொல்ல நம்மிடம் 'புழங்குதல்' இருக்கிறது. வீட்டில் புழங்குகிற இடம், புழங்குகிற பாத்திரம் என்று பாட்டிமார் சொல்வது இதைத்தான். 34ஏ கேட்பதும் அதுவே: எல்லாரும் புழங்கத்தக்க கட்டடம். துடைப்பமும் வாளியும் அடைத்துவைத்து, சாவி யாரிடம் என்று தேட வைக்கும் ஓகேயூ கழிவறை வரைபடத்தில் அணுகல் வசதியாகத் தேறிவிடும், புழங்கத்தக்கதாகத் தேறாது. மாநகர் மன்றத்துக்குப் புகார் எழுதும்போது இதையே மலாயில் விரித்து எழுதுங்கள்: கதவு பூட்டியிருக்கிறது, உள்ளே பொருள் அடைத்திருக்கிறது, நாற்காலி திரும்ப இடமில்லை. படத்தோடு அனுப்புங்கள், துணைவிதி 34ஏ என்ற எண்ணையும் குறிப்பிடுங்கள்.