கிக்கரின் உதைகளுக்கும் கணக்கு வேண்டும்

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் 32 அணிகள். பெரும்பாலும் அணிக்கு ஒரே ஒரு பிளேஸ்கிக்கர், அதாவது நிறுத்தி வைத்த பந்தை உதைப்பவர். கால் பிடித்துக்கொண்டு இரண்டு வாரம் உட்கார்ந்தால் அந்த இடத்துக்கு வேறொருவர் வந்துவிடலாம். வலியை மறைக்கும் பழக்கம் இந்தப் பயத்தில்தான் வளர்கிறது, அதுவும் பள்ளிப் பருவத்திலேயே. ஆனால் அந்த ஆட்டத்தில் நீண்ட காலம் நிலைக்கக்கூடிய இடமும் இதுதான். மோர்ட்டன் ஆண்டர்சன் 25 பருவங்கள் ஆடினார். புதிய வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் எந்த அணியும் எடுக்காத ஆடம் வினாட்டியேரி 24 பருவங்கள் ஆடி 2,673 புள்ளிகள் சேர்த்தார்.

முன்பெல்லாம் நேராக ஓடிவந்து கால் நுனியால் உதைத்தார்கள். 1964இல் பஃபலோ பில்ஸ் அணிக்கு வந்த பீட் கோகோலாக் பக்கவாட்டிலிருந்து வந்து புறங்காலால் உதைத்தார். பிறகு எல்லோரும் அதற்கு மாறினார்கள். அதனால் பந்து தூரம் போகிறது, சுமை உள்தொடைக்கும் ஏறுகிறது. தொடையின் முன்புறத் தசை ஒன்று இடுப்பையும் முழங்காலையும் தாண்டிச் செல்கிறது. கால் பின்னால் போய் முழங்கால் மடங்கும்போது அது இரு முனையிலும் இழுபடும். அந்த நிலையிலிருந்தே வேகமாகச் சுருங்க வேண்டும். பிய்வது அப்போதுதான். அது சோர்ந்தால் கிக்கர் தன்னையறியாமல் பின்னால் சாய்ந்து உள்தொடையால் இழுத்து உதைப்பார். அடுத்த வாரம் கவட்டை வலியோடு வருவார்.

மாணவர்களுக்கு ஒரு பயிற்சியில் 30 முதல் 40 உதைகள், வாரத்தில் மூன்று நாள் போதும். ஆட்டத்தைத் தொடங்க முழு வேகத்தில் ஓடிவந்து உதைக்கும் கிக்காஃப்களைத் தனியாக எண்ணுங்கள். அவைதான் தசையை அதிகம் வாட்டும். காலையில் அமெரிக்கக் கால்பந்து, மாலையில் சாக்கர் கிளப் என்று ஓடும் பிள்ளைக்கு இரண்டு பயிற்சியாளர்கள். கூட்டிப் பார்க்க ஒருவரும் இல்லை. பெற்றோர் அதைச் செய்தே ஆக வேண்டும்.

பள்ளியில் இரண்டு அங்குலம் வரை உயரமுள்ள டீ என்னும் சிறு தாங்கியின் மேல் பந்தை வைத்து, கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் ஃபீல்டு கோல் அடிக்கலாம். கல்லூரியில் பந்து தரையில்தான். திடீரென மாறினால் கால் புல்லில் உரசும், கணுக்கால் வலிக்கும். பள்ளியின் கடைசி ஆண்டிலேயே தரையிலிருந்து பழகத் தொடங்கலாம்.

ஊன்றும் காலை யாரும் கவனிப்பதில்லை. ஒவ்வொரு உதையிலும் ஓட்டத்தை நிறுத்தி உடம்பைத் தாங்குவது அதுதான். வலது காலால் உதைக்கும் வினாட்டியேரியின் 2019 பருவம் முன்கூட்டியே முடிந்துபோனது இடது முழங்கால் காயத்தால்தான். ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழும் பயிற்சி இரண்டு காலுக்கும் வேண்டும்.

தசைப்பிடிப்பு ஆறியபின் நேரே 50 கெஜத்துக்குப் போகக் கூடாது. முதலில் நின்ற இடத்திலிருந்து, பிறகு ஓரடி வைத்து, அதன்பின் முழு ஓட்டத்தோடு 25 கெஜத்திலிருந்து உதைக்கட்டும். மறுநாள் காலை வலி இல்லையென்றால் ஐந்து கெஜம் கூட்டலாம். இருந்தால் ஒரு படி பின்னே வர வேண்டும். கிக்காஃப் எல்லாவற்றுக்கும் கடைசியில்.