வலி எத்தனை மணிக்கு வருகிறது?

மூட்டு வலி என்று வருகிறவர்களிடம் நான் முதலில் எக்ஸ்ரே கேட்பதில்லை. "காலையில் எழுந்ததும் விரல்கள் எவ்வளவு நேரம் மடங்காமல் இருக்கின்றன?" என்றுதான் கேட்பேன். "அஞ்சு பத்து நிமிஷம், கொஞ்சம் நடந்தா சரியாயிடும்" என்றால் பெரும்பாலும் தேய்மானம். "சட்டைப் பட்டன் போட முடியலை, பத்து மணிக்கு மேலதான் கை என் கையா இருக்கு" என்றால் உடனே விரல்களைத் தொட்டு அமுக்கிப் பார்ப்பேன்.

தேய்மான வலி வேலை செய்யச் செய்ய ஏறும், உட்கார்ந்தால் இறங்கும். அழற்சி வலி, அதாவது மூட்டு உள்ளுக்குள் வீங்கிக் கனல்கிற வலி, நேர்மாறு. ஓய்வில் இறுகும், அசைய அசைய இளகும். முடக்குவாதம் (ரூமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) இப்படிப்பட்ட ஓர் அழற்சி நோய். அதில் உடலின் எதிர்ப்பு சக்தி மூட்டின் உள்பக்கச் சவ்வையே எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது. சவ்வு தடித்து வீங்கி, குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கத் தொடங்கும். பெரும்பாலும் இரண்டு கைகளிலும் ஒரே இடங்களில் வரும்: மணிக்கட்டு, விரல்களின் அடிமூட்டு, நடுமூட்டு. நகத்தை ஒட்டிய மூட்டைப் பொதுவாக விட்டுவிடும். பெண்களுக்கு இது ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். 35 வயதுப் பெண்ணிடம் "வயசானா அப்படித்தான்" என்று வீட்டில் சொல்லி அனுப்புவதைக் கேட்கும்போது எனக்கு வருத்தமும் கோபமும் சேர்ந்தே வருகிறது. எலும்பு அரிபடுவது முதல் இரண்டு ஆண்டுகளிலேயே தொடங்கிவிடலாம். வலி மாத்திரை வலியைக் குறைக்கும், எலும்பு அரிபடுவதை நிறுத்தாது.

ரத்தப் பரிசோதனையை நம்பி ஏமாறுபவர்களும் உண்டு. முடக்குவாதத்துக்காகப் பார்க்கும் ரூமட்டாய்டு ஃபேக்டர் பரிசோதனை நெகட்டிவ் என்று நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார்கள். முடக்குவாதம் உள்ளவர்களில் ஐந்தில் ஒருவருக்காவது அது நெகட்டிவாகவே இருக்கலாம். நோயே இல்லாத சிலருக்குப் பாசிட்டிவாக வருவதும் உண்டு. தாளைவிட வீங்கிய மூட்டுதான் எனக்குச் சாட்சி.

இளைஞர்களின் முதுகு வலியிலும் அது வருகிற நேரம்தான் துப்பு. பின்னிரவில் எழுப்பிவிட்டு, நடந்தால் குறைகிற வலி மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் முதுகெலும்பு அழற்சியா என்று பார்க்க வேண்டும். இடையில் கண் சிவந்து வலித்திருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

சரி, முடக்குவாதத்துக்குச் சிகிச்சை? பெரும்பாலும் எதிர்ப்பு சக்தியின் தாக்குதலை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தில் தொடங்குவோம். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். ஒன்றைக் கெஞ்சியே சொல்கிறேன்: அது வாரம் ஒரு முறை மட்டும். தினமும் விழுங்கிவிட்டு, வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் சரிந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் சீட்டில் கிழமையின் பெயரையே எழுதித் தருகிறேன். கருத்தரிக்கத் திட்டமிட்டால் முன்பே சொல்லிவிடுங்கள், மருந்தை மாற்ற வேண்டியிருக்கும்.

உடம்பு முழுக்க வலி, தூங்கினாலும் அசதி, ஆனால் எல்லா டெஸ்டும் நார்மல் என்று வருகிறவர்களும் இருக்கிறார்கள். ஃபைப்ரோமயால்ஜியாவாக இருக்கலாம். மூட்டில் கோளாறு இல்லை, வலியை உணரும் நரம்பு மண்டலம் மிகையாகக் கூர்மையாகிவிட்டது. அந்த வலி நிஜம். படிப்படியான உடற்பயிற்சியும் நல்ல தூக்கமும்தான் அதற்கு முதல் மருந்து.

அப்புறம், மூட்டு வீங்கியிருந்தால் எழுந்ததுமே போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். மாலையில் நீங்கள் என்னிடம் வரும்போது அது வடிந்திருக்கும்.