எடை குறைக்கிற ஆபரேஷன்: கவர்மென்ட் ஆஸ்பத்திரி வழியா எப்படி போறது, யாருக்கு சரிப்படும்

தீபாவளிக்கு கோலாலம்பூர் செந்தூல் சித்தி வீட்டுக்கு போனப்ப முறுக்கு கடிச்சிகிட்டே கேட்டாங்க, "வயித்த வெட்டிட்டா இனிப்புநீரும் போயிடுமாம்ல, கவர்மென்ட்ல பண்றாங்களா?" பண்றாங்க, ஆனா நேரா ஆபரேஷனுக்கு போயி நிக்க முடியாது.

மொதல்ல கிளினிக் கெசிஹாத்தான், அதாவது கவர்மென்ட் கிளினிக். போன்ல இருக்கற மைசெஜாத்ரா ஆப்லயே அப்பாயிண்ட்மென்ட் எடுக்கலாம், நம்ம குடிமக்களுக்கு 1 வெள்ளிதான். 40 வயசு ஆகி, கவர்மென்ட் குடுக்கற எஸ்டிஆர் உதவிக் காசு வாங்கறவங்களா இருந்தா பெக்கா பி40ங்கற திட்டத்துல செக்கப் ஃப்ரீ, எடை, உயரம், ரத்தத்துல சீனி எல்லாம் அதுலயே பாத்துடுவாங்க. அங்க டாக்டர் லெட்டர் குடுத்தா ஸ்பெஷலிஸ்ட்கிட்ட மொத தடவை காசு இல்ல, அப்புறம் 5 வெள்ளி, பிரைவேட் கிளினிக் லெட்டரோட போனா மொத தடவை 30 வெள்ளி.

யாருக்கு சரிப்படும்னா, கிலோவ மீட்டர் உயரத்தோட வர்க்கத்தால வகுத்தா வர்ற பிஎம்ஐதான் ஆரம்பம். சித்தி 98 கிலோ, 1.60 மீட்டர், 38 வருது. 2022ல வந்த உலக அளவு வழிகாட்டி 35க்கு மேல இருந்தா வேற வியாதி இல்லன்னாலும் ஆபரேஷன் பண்ணலாம்ங்குது, 30ல இருந்து 35குள்ள இனிப்புநீர் மாதிரி இருந்தா யோசிக்கலாம்ங்குது, நம்ம மாதிரி ஆசியாக்காரங்களுக்கு 27.5ல இருந்தே பாக்கலாமாம், ஏன்னா நமக்கு கொஞ்ச எடையிலயே வயித்துல கொழுப்பு சேந்து வியாதி வந்துடுது. ஆனா நம்பர் மட்டும் பத்தாது. குழந்தைக்கு பிளான் பண்றவங்க ஆபரேஷனுக்கு அப்புறம் ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் தள்ளிப்போடணும், சிகரெட்ட விடணும், நெஞ்செரிச்சல் அதிகமா இருந்தா வயித்த சின்னதாக்கற ஸ்லீவ் ஆபரேஷன் அத இன்னும் கெடுக்கலாம், அப்ப வயித்த சின்ன பையாக்கி குடலோட இணைக்கற பைபாஸ் நல்லதான்னு டாக்டர் பாப்பாரு.

ஸ்லீவ்ங்கறது வயித்துல முக்கால் பங்குக்கு மேல வெட்டி எடுத்துடறது, திரும்ப ஒட்ட முடியாது. மொத ரெண்டு வாரம் கஞ்சித்தண்ணி மாதிரி தண்ணி ஆகாரம்தான், விட்டமின் மாத்திரை சாகற வரைக்கும். ஒரு ரொட்டி சானாய் முழுசா உள்ள போகாது, ஆனா தண்ணியா இருக்கற இனிப்பு தே தாரிக் சர்ருன்னு எறங்கும், அதுலதான் பலபேருக்கு எடை திரும்ப ஏறுது.

காசு விஷயத்துல ஏமாறாதீங்க. மூணாங் கிளாஸ் வார்டு நாளுக்கு 3 வெள்ளின்னு நிம்மதியா இருந்துடக் கூடாது, வயித்த வெட்டி தைக்கிற ஸ்டேப்ளர் செலவு நம்ம தலையில வருமான்னு தேதி குறிக்கும்போதே கேளுங்க. முடியலன்னா ஆஸ்பத்திரியிலயே இருக்கற சோஷியல் வொர்க் ஆபீசர்கிட்ட தாபோங் பந்துவான் பெருபாத்தான்ங்கற மருத்துவ உதவி நிதி பத்தி கேளுங்க, பொருள் வாங்கறதுக்கு முன்னாடி, வாங்கின பில்ல நீட்டினா எடுத்துக்க மாட்டாங்க. கேடபிள்யுஎஸ்பி, அதாவது ஊழியர் சேமநிதியில அக்காவுன் ஃப்லெக்சிபல்ங்கற கணக்குல இருந்து எதுக்கு வேணும்னாலும் எடுக்கலாம், 50 வெள்ளி இருந்தா போதும். மெடிக்கல் கார்டு இருக்குன்னு மட்டும் நம்பாதீங்க, நெறைய கார்டுல எடை குறைக்கிறது கிடையாது.

சித்தி இப்ப டயட்டிஷியன்கிட்ட போய்கிட்டு இருக்காங்க. ஒரு வாரம் சாப்பிட்டதெல்லாம் எழுதிட்டு வரச் சொன்னாங்களாம், நோட்ட வாங்கி பாத்தேன், இட்லி எத்தனைன்னுகூட கணக்கா எழுதியிருக்காங்க, நாளுக்கு 4 கிளாஸ் தே தாரிக்க மட்டும் காணோம்.